கழுத்துக்குக் கருவி செய்யுமுன் தோளைப் பாருங்கள்

உயிர்மருத்துவப் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் ராமநாதபுரம் மாவட்டத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ மூன்றுக்கும் பொதுவாக, நோயாளியின் கழுத்தை நேராக நிறுத்தி அசையாமல் பிடிக்கும் கருவி ஒன்றைத் திட்டப்பணியாகச் செய்கிறோம். நெற்றிக்கு ஒரு பட்டை, முகவாய்க்கு ஒரு கிண்ணம், இரண்டு பக்கமும் திருகி இறுக்கும் தட்டுகள் என்று வரைந்திருக்கிறோம். எங்கள் கடற்கரை ஊர்களின் மருத்துவமனைகளுக்குப் பயன்பட வேண்டும் என்பது ஆசை. எந்தப் பொருளில் செய்யலாம், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?”

தம்பி, எடுத்துக்கொண்டிருப்பது நல்ல வேலை. இந்தப் பகுதி எக்ஸ்ரே அறைகளில் நின்று வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், திருகி இறுக்கும் அந்தத் தட்டுகளை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கழுத்தை நேராக்குவது உங்கள் கருவியின் வேலை அல்ல. நோயாளியின் கழுத்து எந்த வாகில் வருகிறதோ அந்த வாகிலேயே அதைத் தாங்கி, படம் எடுத்து முடியும் வரை நகராமல் வைத்திருந்தால் போதும். வள்ளத்தைக் கரையேற்றியதும் அடிப்பக்கத்தின் வளைவுக்குத் தக்கபடி முட்டுக் கொடுப்பார்களே, அதே முறைதான். மரக்கட்டைதான் வள்ளத்துக்கு ஏற்ப மாறும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இங்கே வரும் கழுத்துகள் அப்படிப்பட்டவை. பனையிலிருந்து விழுந்தவரைக் கழுத்துப் பட்டையோடு ஆம்புலன்ஸில் கொண்டுவருவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்தவர் வருவார். அவர்களுக்கு எலும்பு முறிந்திருக்கிறதா என்று தெரியாத நிலையில்தான் படமே எடுக்கிறோம். முறிந்த எலும்புக்கு நடுவே தண்டுவடம் ஓடுகிறது. நேராக்குகிறேன் என்று திருகை ஒரு சுற்றுச் சுற்றினால், நடந்து வீடு போயிருக்க வேண்டியவர் கை கால் செயலற்றுப் போகலாம். மருத்துவர் சொல்லும் வரை அந்தக் கழுத்துப் பட்டையைக் கழற்றக் கூடாது. ஆகவே உங்கள் கருவி பட்டையோடு சேர்த்தே தலையை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும்.

இன்னொரு வகையினர் முதுகெலும்பு முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போகும் வாதநோய் உள்ளவர்கள். அவர்களுக்குப் பல வருடங்களாகவே கழுத்து முன்னால் குனிந்திருக்கும். அவர்கள் விழுந்து அடிபட்டு வரும்போது, மேசையில் தட்டையாகப் படுக்க வைத்தாலே முறிவு திறந்துகொள்ளும் ஆபத்து உண்டு. விழுவதற்கு முன் தலை எந்தக் குனிவில் இருந்தது என்று வீட்டாரைக் கேட்டு, அந்தக் குனிவுக்கு ஏற்பத் தலைக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். தலையணையின் உயரத்தை மாற்ற முடியாத கருவி இவர்களுக்கு உதவாது.

இனி, உங்கள் வரைபடத்தில் இல்லாத தோளுக்கு வருகிறேன். கழுத்துப் படம் கெட்டுப்போவதற்குக் கழுத்தைவிடத் தோள்தான் பெரும்பாலும் காரணம். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் ஏழு கழுத்தெலும்புகளும், அவற்றுக்குக் கீழே முதல் மார்பு முள்ளெலும்பின் மேல்விளிம்பும் தெரிய வேண்டும். அடிபட்டவருக்கு அது தெரியாத படம் முழுமையான படமே அல்ல. அந்தச் சந்திப்பு சரியாகத் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. கரைவலையும் நங்கூரக் கயிறும் இழுத்து இழுத்துத் திரண்ட தோள்கள் இந்தக் கரையில் நிறைய. அப்படிப்பட்டவரின் படத்தில் ஐந்தாவது எலும்பு வரை அழகாகத் தெரியும். அதற்குக் கீழே ஒரே வெள்ளை. சிடி எடுத்தாலும் இதே தோள் குறுக்கே வந்து, எலும்பின் மேல் கோடு கோடாக விழும். எக்ஸ்ரே மட்டுமே உள்ள சிறிய மருத்துவமனையில் இப்படி ஆகிவிட்டால், நோயாளியைச் சிடி இருக்கும் ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கே 100 கிலோமீட்டருக்கு மேல். தீவுக்காரர்களுக்குப் பாம்பன் பாலம் வரும் தூரமும் அதோடு சேரும்.

தோளை இறக்க நாங்கள் செய்வது இதுதான். முறிவுச் சந்தேகம் இல்லாமல் நிற்க முடிந்தவருக்கு இரண்டு கையிலும் சம எடை கொடுத்து, மூச்சை முழுவதும் வெளியே விடச் சொல்லி, விட்ட கணத்தில் படம் எடுப்போம். மூச்சு வெளியேறும்போது தோள் தானாகச் சற்று இறங்கும். படுத்திருப்பவருக்கு முறிவு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்திருந்தால், நீளமான துணிப்பட்டை ஒன்றைப் பாதங்களில் மாட்டி, இரு முனைகளையும் கைகளில் பிடித்துக்கொண்டு, மடக்கிய முழங்காலை மெல்ல நீட்டச் சொல்லலாம். தோள்கள் கீழே வந்துவிடும். அப்படியும் தெரியாவிட்டால் ஒரு கையை மேலே தூக்கி, மறு கையைக் கீழே இறக்கி, நீந்துகிறவர் கைவீசும் வாகில் ஒரு படம் எடுப்போம்.

உங்கள் கருவிக்கு உண்மையான இடம் இங்கேதான் இருக்கிறது. அளவு மாற்றக்கூடிய, இருபுறமும் சமமாக இழுக்கும், நோயாளி தானே விட்டால் உடனே தளரும், தோளை இறக்கும் பட்டை ஒன்றைச் செய்யுங்கள். முனையில் இரும்புக் கொக்கி வேண்டாம். பருத்தி நாடாவும் பிளாஸ்டிக் வளையமும் போதும். முறிவுச் சந்தேகம் உள்ளவருக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதைப் பட்டையின் மேலேயே தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே உங்கள் திட்டப்பணி வேலைக்கு ஆகும் என்று நினைக்கிறேன்.

தோளால் வரும் இன்னொரு சிக்கல் உருப்பெருக்கம். தோள் இடிப்பதால், பக்கவாட்டுப் படத்தில் கழுத்து, படம் பதியும் தகட்டிலிருந்து விலகியே நிற்கும். கழுத்துக்கும் தகட்டுக்கும் இடையே 30 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே குழாயைத் தகட்டிலிருந்து 100 செ.மீ. தூரத்தில் வைத்து எடுத்தால் நூறை எழுபதால் வகுக்க வேண்டும், படம் 1.4 மடங்குக்கு மேல் பெரிதாகி, விளிம்புகள் மங்கும். அதனால்தான் 180 செ.மீ. தள்ளி வைத்து எடுக்கிறோம். அப்போது 1.2 மடங்குதான். நீங்கள் பக்கவாட்டில் கனமான சட்டம் ஒன்றைச் சேர்த்தால் தகடு இன்னும் விலகிப்போகும். நாங்கள் தூரம் கூட்டிச் சம்பாதித்ததை உங்கள் சட்டம் தின்றுவிடும். தோளுக்கும் தகட்டுக்கும் இடையில் எதுவுமே வரக் கூடாது.

முகவாய்க் கிண்ணத்தையும் விட்டுவிடுங்கள். முதல் இரண்டு கழுத்தெலும்புகளை முன்பக்கமாகப் பார்க்க, வாயை அகலத் திறக்க வைத்து அதன் வழியாகப் படம் எடுப்போம். மேல்பற்களின் கடிவிளிம்பும் மண்டையின் அடிப்பகுதியும் ஒரே நேர்க்கோட்டில் மேசைக்குச் செங்குத்தாக அமைந்தால்தான் இரண்டாவது எலும்பின் முளை தெரியும். முகவாயைக் கட்டிவிட்டால் வாய் எப்படித் திறக்கும்? அதைவிடப் பெரிய பயம் வாந்தி. தலையில் அடிபட்டவர் எப்போது வேண்டுமானாலும் வாந்தி எடுப்பார். அந்த நேரத்தில் வாய் கட்டியிருந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நெற்றிப் பட்டை இருக்கலாம். ஆனால் அதை ஒரே கையால், கண்ணால் பார்க்காமலேயே, ஒரே இழுப்பில் அவிழ்க்க முடிய வேண்டும்.

குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் படங்களுக்கு ஒரு கோண அளவுகோல் வைக்கப் போகிறீர்கள் என்றால் வரவேற்பேன். முடக்குவாத நோயில் முதல் கழுத்தெலும்புக்கும் இரண்டாவதன் முளைக்கும் உள்ள இடைவெளி பெரியவர்களுக்கு 3 மி.மீ.க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். நிமிர்ந்த படத்தில் சரியாகத் தோன்றுவது குனிந்த படத்தில்தான் விலகித் தெரியும். இப்படிப்பட்ட படங்களை ஆறு மாதம் கழித்து ஒப்பிட, இரண்டு முறையும் எவ்வளவு குனிந்தார் என்று தெரிந்திருந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. ஆனால் குனிவது நோயாளியாகவே இருக்க வேண்டும். வலிக்கும் இடத்தில் அவரே நிறுத்திக்கொள்வார். கருவி அந்தக் கோணத்தைக் குறித்துக்கொண்டால் போதும். ஒரு டிகிரிகூட மேலே தள்ளக் கூடாது.

பொருளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்றுக்கும் ஒரே கருவி என்ற ஆசையை இங்கே கைவிட வேண்டியிருக்கும். சிடி மேசைகளிலும் தலைத்தாங்கிகளிலும் கார்பன் இழையைத்தான் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். மெல்லியது, உறுதியானது, கதிரை அதிகம் தடுக்காது. அதே கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் எம்ஆர்ஐக்கு ஆகாது. அங்கே ரேடியோ அலையை மறைத்துப் படத்தைக் கெடுக்கும், சூடேறவும் கூடும். எம்ஆர்ஐக்குக் கண்ணாடி இழை, பாலிஎத்திலீன், பாலிகார்பனேட் போன்றவைதான். இரும்பு இல்லாத திருகு என்று பித்தளையையோ அலுமினியத்தையோ போட நினைப்பீர்கள். காந்தம் அவற்றை இழுக்காது, உண்மைதான். ஆனால் சுற்றியுள்ள படத்தை அவை சிதைக்கும். சிடியில் குழாய் நோயாளியைச் சுற்றிச் சுழல்வதால் எந்தப் பக்கம் உலோகத்தை ஒளித்து வைத்தாலும் அது கதிரின் பாதையில் வந்தே தீரும். ஆகவே திருகே இல்லாமல், காடி வெட்டிச் சொருகும் பிளாஸ்டிக் ஆப்புகளாகச் செய்யுங்கள்.

முப்பரிமாண அச்சில் செய்யப் போகிறீர்கள் என்றால் இரண்டு எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை 60 டிகிரி அருகே இளகத் தொடங்கிவிடும். மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வாகனத்துக்குள் வைத்தால் வளைந்துபோகலாம். அடுத்து, உள்ளே தேன்கூட்டுப் பின்னலாக வெற்றிடம் விட்டு அச்சிட்டால், சிடி படத்தில் அந்தப் பின்னல் அப்படியே விழும். மின்னணுச் சாமான்கள் பொதிந்து வரும் கறுப்பு நுரையை எடுத்துத் திண்டு செய்துவிடாதீர்கள். நிலைமின்னைத் தடுக்க அதில் கார்பன் சேர்த்திருப்பார்கள், எம்ஆர்ஐ அறைக்குள் அது கூடாது. உறைக்கு ரெக்சின் எல்லோரும் போடுவது. ஆனால் அதில் பிவிசி இருக்கிறது, பிவிசியில் உள்ள குளோரின் கதிரைச் சற்றுக் கூடுதலாகத் தடுக்கும். மடித்துத் தைத்த ஓரம் எலும்பின் மேல் கோடாக விழுந்தால், முறிவோ என்று மருத்துவர் ஒரு நிமிடம் தடுமாறுவார். தையலைத் தலைக்கு நேராக வராமல் ஓரத்துக்குத் தள்ளுங்கள்.

எம்ஆர்ஐயில் வேறொரு நெருக்கடி இருக்கிறது. கழுத்தையொட்டி வைத்துச் சமிக்ஞை வாங்கும் கம்பிச்சுருள் தோலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்ல படம். நீங்கள் தடிமனான திண்டு வைத்தால் சுருள் விலகும், படம் மங்கும். சிடி சில விநாடிகளில் முடிந்துவிடும். எம்ஆர்ஐயில் 20, 30 நிமிடம் படுக்க வேண்டும். அவ்வளவு நேரம் பிடரி எலும்பு ஒரே இடத்தில் அழுந்தினால் வலியெடுத்து நோயாளி தானாகவே தலையை நகர்த்துவார். அங்கே இறுக்கிப் பிடிப்பதால் பயனில்லை. பிடரி பதியும் இடத்தில் ஆழமற்ற குழியும், முழங்காலுக்கு அடியில் ஒரு திண்டும் கொடுங்கள். முழங்கால் சற்று மடங்கி இருந்தால் இடுப்பு தளரும், ஆள் அமைதியாகப் படுப்பார். கழுத்துக் கருவியில் முழங்கால் திண்டு எதற்கு என்று மதிப்பெண் போடுபவர் கேட்பார். தயங்காமல் சேருங்கள். எச்சில் விழுங்குவதை எந்தக் கருவியும் நிறுத்தாது. ஒரு படத்தொடர் முடிந்து அடுத்தது தொடங்குமுன் விழுங்கிக்கொள்ளச் சொல்வதுதான் வழி.

பொருளைவிட எங்களுக்கு அன்றாடம் தொல்லை தருவது கொண்டையும் தாலியும். எண்ணெய் தடவி இறுக்கி முடிந்த கொண்டையோடு பாட்டி மல்லாந்து படுத்தால் தலை நான்கு விரல் முன்னே தள்ளிக்கொண்டு நிற்கும். கழுத்தின் இயல்பான வளைவே மாறிவிடும். அவிழ்க்கச் சொன்னால் ஹேர்பின்னை எடுத்துத் தலையணைக்கு அடியிலேயே வைத்துவிடுவார்கள், அதுவும் படத்தில் வரும். திண்டின் மேல்விளிம்பில் முடி வழிந்து விழ ஓர் இடைவெளி விடுங்கள். தாலியைக் கழற்றப் பலரும் சம்மதிக்க மாட்டார்கள், வற்புறுத்துவதும் சரியில்லை. எக்ஸ்ரேக்கு மஞ்சள் கயிறு தடையில்லை, உலோகப் பகுதியை எலும்பின் பாதையிலிருந்து நகர்த்தினால் போதும். ஆனால் தாலிச் சரட்டில் நாலைந்து ஊக்கு கோத்து வைத்திருப்பது நம் பெண்களின் வழக்கம். அவசரத்துக்கு உதவும் என்று மாட்டியிருப்பார்கள், எம்ஆர்ஐ அறைக்குள் அந்த ஊக்கு பாயும் ஆயுதம். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்துப் பெண்கள் முக்காட்டில் குத்தும் குண்டூசியும் அப்படியே. முக்காட்டை விலக்காமல் குண்டூசியை மட்டும் எடுத்துவிட்டு, துணியைத் தலையோடு நிறுத்த ஒரு பருத்தி நாடாவைக் கருவியோடு சேர்த்துக் கொடுத்தால் அவர்களுக்குச் சங்கடம் குறையும், எங்களுக்கும் வேலை சுலபமாகும்.

உப்புக் காற்று உங்கள் கருவியை விட்டுவைக்காது. வெல்க்ரோ பட்டையில் மணலும் முடியும் சிக்கிப் பிடிப்பு போய்விடும். அதைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி அமையுங்கள். துடைக்க மருத்துவமனையில் பயன்படுத்துவது ஸ்பிரிட் என்கிற சாராயக் கரைசலும் பிளீச்சிங் தண்ணீரும்தான். அக்ரிலிக்கைச் சாராயத்தால் துடைத்துக்கொண்டே வந்தால் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் விழும், வெடிப்பில் அழுக்குச் சேரும். திண்டின் நுரை ஈரம் உறிஞ்சாத மூடிய அறை நுரையாக இருக்கட்டும். வியர்வையைக் குடிக்கும் ஸ்பாஞ்ச் சில மாதங்களிலேயே நாறும்.

சோதனைக்கு ஆரோக்கியமான நண்பர்களைக் கதிரில் நிறுத்தவே கூடாது. முதலில் கருவியை மட்டும் மேசையில் வைத்துக் கழுத்துக்குரிய அளவில் ஒரு எக்ஸ்ரே எடுத்தாலே எந்த விளிம்பு தெரிகிறது என்று புரிந்துவிடும். பிறகு தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருளையைக் கருவியில் வைத்தும் வைக்காமலும் சிடி எடுங்கள். சிடி தண்ணீருக்குக் காட்டும் அடர்த்தி எண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். கருவியோடு எடுக்கும்போது அது எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். கழுத்து மறுபடியும் அதே இடத்தில் அமைகிறதா என்பதை அறியக் கதிரே தேவையில்லை. காது முன்மேட்டிலும் கண்ணின் வெளிமுனையிலும் சிறு ஒட்டுப்பொட்டு வைத்து, ஆளைப் படுக்கச் சொல்லி, எழச் சொல்லி, மீண்டும் படுக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் புகைப்படம் எடுத்துக் கோணத்தை ஒப்பிடுங்கள். நோயாளிகளிடம் வைக்குமுன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். 2022 ஜனவரியில் ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதால் அங்கே உங்கள் பேராசிரியர் மூலம் அணுகிப் பாருங்கள். விற்கும் எண்ணம் வந்தால் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளைப் படிக்க வேண்டியிருக்கும். ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். என்னென்ன தவறு நேரலாம் என்று முன்கூட்டியே எழுதிப் பார்க்கும் முறைக்கு ஐஎஸ்ஓ 14971 என்று ஒரு தரநெறி இருக்கிறது. விற்காவிட்டாலும் அதன்படி ஒரு பட்டியல் போடுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது அளவெடுப்பு. பிற நாட்டு உடலளவு அட்டவணையை இறக்கி அதன்படி திண்டு செய்யாதீர்கள். சுவரும் அளவுகோலும் போதும். குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி ஆளை நிற்கச் சொல்லுங்கள். இயல்பாக நேரே பார்க்கும்போது பிடரிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து குறியுங்கள். கூன் இல்லாதவருக்குப் பிடரி சுவரைத் தொடும், அல்லது சிறிதே விலகி நிற்கும். கூன் விழுந்த முதியவருக்குப் பல சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிதான் படுக்கும்போது தலைக்கு அடியில் வேண்டிய திண்டின் உயரம். தோளகலத்தையும், காதிலிருந்து தோள்முனை வரை உள்ள நீளத்தையும் சேர்த்து எழுதுங்கள். கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், தலைச்சுமையாக மீன்கூடை தூக்கியவர்கள், பனையேறிகள், விசைப்படகுத் தொழிலாளர்கள் என்று எல்லாரையும் அளங்கள். சிறு குழந்தைகளுக்குக் கணக்கு தலைகீழ். அவர்களுக்கு உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் தலை பெரிது, பிடரி புடைத்திருக்கும். தட்டையாகப் படுக்க வைத்தாலே கழுத்து முன்னால் மடங்கிவிடும். ஆகவே அவர்களுக்குத் திண்டு தலைக்கு வேண்டாம், தோளுக்கும் முதுகுக்கும் அடியில் வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆட்கள் கரையில் இருப்பார்கள். வலை பின்னும் கொட்டகையிலேயே அளவெடுத்துவிடலாம். ஆனால் அதுவே பதநீர்ப் பருவமும் ஆகையால் பனையேறிகளை மரமேறும் வேலை முடிந்த நேரம் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பெண்களை அளக்க உங்கள் குழுவிலுள்ள மாணவிகளை அனுப்புங்கள். எதற்கு அளக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள், பெயர் எழுத வேண்டாம், வயதும் தொழிலும் போதும்.